தாய்மாமன் தரப்பு

எங்கள் பலாப்பழத்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்காருங்கள் சார். உருளாது. உருண்டாலும் முன்பக்கம்தான் போகும். முன்னால் மூன்றாவது வரிசையில் என் அக்கா இருக்கிறாள், அவள் காலைத் தாண்டி எதுவும் போகாது. அந்தப் பச்சைப் புடவை. பக்கத்தில் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு தூங்குகிறதே, அது அவள் மகள். தேனருவி. பதினைந்து முடிந்து பதினாறு நடக்கிறது. குற்றாலத்துப் பக்கத்துக்காரர் மகளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்? வீட்டில் தேனு.

நான் ஏன் அவர்களோடு உட்காரவில்லை என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? கேட்கிற மாதிரி பார்த்தீர்கள். சொல்கிறேன். அக்கா என்னோடு பேசி இன்றைக்கு முப்பத்தெட்டு நாள் ஆகிறது. மற்ற எல்லோரிடமும் பேசுகிறாள். கண்டக்டரிடம் பேசினாள், நீங்களே பார்த்தீர்கள். "மதுரைக்கு மூணு" என்றாள். மூன்றாவது டிக்கெட் எனக்குத்தான். டிக்கெட் எடுக்கிற அளவுக்கு நான் இருக்கிறேன், பேசுகிற அளவுக்கு இல்லை. அந்த டிக்கெட்டும் தேனு கை வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

மதுரையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து மலைக்குப் போகிறோம். மேலே ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம், பெரிய இடம். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே போய் உட்கார வேண்டும். ஒரு படிவம் இருக்கிறது. அதில் அப்பா கையெழுத்துப் போட்டாயிற்று. அம்மா போட வேண்டிய கட்டம் காலி. அக்கா போட்டால் தேனு அங்கே விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு. போடாவிட்டால் இரண்டாவது தெருவில் இருக்கிற பள்ளிக்கூடம். இதில் என்ன வேடிக்கை என்றால், போடுவாளா மாட்டாளா என்று யாருக்கும் தெரியாது. விடிய ஐந்து மணிக்குக் குளித்துக் கிளம்பி வந்திருக்கிறாள். வாயைத் திறக்கவில்லை. தேனு கேட்டதற்கு, "மொதல்ல எடத்தப் பாப்போம்" என்றாளாம்.

இதெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தது என்று நினைக்கிறீர்கள்? கிரேக்கத்திலிருந்து. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

என் பேர் உலகநாதன். தென்காசியில் உலகம்மன் கோவில் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்தப் பேர். உலகம் சுற்றுவேன் என்று வைத்தது இல்லை, ஆனால் சுற்றிவிட்டேன். கனடாவில் இருபத்திரண்டு வருஷம். திரும்பி வந்து இரண்டு வருஷம். அங்கே ஒரு கல்யாணம் நடந்தது, அங்கேயே முடிந்தது. அது வேறு கதை, மதுரை வரைக்கும் பத்தாது. இப்போது அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன். நானும் நாலு பெட்டியும். அத்தான் திரவியம் கீழே கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி, பெயிண்ட், குழாய். நல்ல மனுஷன். யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார், அதனால் எல்லோருக்கும் சரி என்று சொல்லிவிடுவார்.

தேனுவுக்கு நான் தாய்மாமன். ஒரே தாய்மாமன். காது குத்துக்கு டொராண்டோவிலிருந்து மூன்று விமானம் மாறி வந்தேன். என் மடியில்தான் உட்கார்ந்து குத்திக்கொண்டாள். என் சட்டையைக் கடித்துக் கிழித்தாள். அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஸ்தானத்தை நான் லேசாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷில் கதை எழுதுகிற கை இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். அந்த மலைப் பள்ளியைக் கண்டுபிடித்தவனும் நான். விண்ணப்பம் போட்டேன். ஆன்லைன் தேர்வு என் மாடி அறையில் நடந்தது. அக்காவிடம் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொன்னோம். கம்ப்யூட்டர்தானே? அத்தானுக்குத் தெரியும். "ஒங்க அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லணுமே உலகு" என்றார். "சீட் கிடைக்கட்டும் அத்தான், சொல்லிருவோம்" என்றேன். சரி என்றார். சீட் கிடைத்தது. "இப்பச் சொல்லலாமா?" என்றார். "உறுதியாகட்டும் அத்தான்" என்றேன். அதற்கும் சரி என்றார். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, சார். அரைகுறைச் செய்தியைச் சொல்லி அக்காவை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும்? முழுசாகப் பழுத்த பிறகு கையில் கொடுக்கலாம் என்று நினைத்தோம், அவ்வளவுதான்.

உறுதி எப்போது ஆகும் என்றால், பள்ளிக்கூடம் லீவுக்குக் கொடுத்த வேலையை முடித்த பிறகு. அங்கே இங்கிலீஷ் எடுக்கிற ஜெபராணி டீச்சர் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் லீவு முழுக்கக் கிரேக்க, ரோமானியப் புராணம் படிக்க வேண்டும். இங்கிலீஷ் இலக்கியத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்பதால். பத்துக் கதை. படித்தால் மட்டும் போதாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டில் ஒரு பெரியவருக்கு வாயால் சொல்ல வேண்டும். கேட்டவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு இரண்டு வரி கருத்து எழுத வேண்டும். கடைசியில் பத்தில் ஒன்றை எடுத்துக் கட்டுரை. தலைப்பு அவர்களே கொடுத்துவிட்டார்கள்: இந்தக் கதையில் யாருக்கு அநியாயம் நடந்தது, ஏன்?

கேட்கிற பெரியவர் நான். வேறு யார்? காலையில் பத்து மணிக்கு மாடிக்கு வருவாள். நான் ஈஸிசேரில். அவள் நடந்துகொண்டே சொல்லுவாள், அப்போதுதான் அவளுக்கு வரும். எனக்கும் பொழுது நன்றாகப் போயிற்று, பொய் சொல்லக் கூடாது. மெழுகுச் சிறகு கட்டிக்கொண்டு பறந்த பையன் சூரியன் பக்கத்தில் போய்க் கடலில் விழுந்த கதைக்கு, 'வெயிலில் சோதித்துப் பார்க்காமல் பிள்ளையைப் பறக்கவிட்ட தகப்பன்தான் குற்றவாளி' என்று எழுதினேன். செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறவன் திரும்பிப் பார்த்ததால் அவளை இழந்தான் என்கிற கதைக்கு, 'ஒரு சைடு மிரர் போதுமாயிருந்தது'. மலைமேல் கல்லை உருட்ட உருட்ட அது திரும்பத் திரும்பக் கீழே வருகிறதே, அந்தத் தண்டனைக் கதைக்கு, 'கனடாவில் வாசலில் பனி அள்ளியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை'.

"மாமா, டீச்சர் இதையெல்லாம் படிப்பாங்க" என்பாள் தேனு.

"படிக்கட்டுமே. பெரியவர் கருத்துன்னுதான கேட்டிருக்காவ?"

ஏழாவது கதையில்தான் வினை வந்தது.

உங்களுக்கு அந்தக் கதை தெரியுமா? தெரியாவிட்டால் இரண்டு நிமிஷம். பயிர் பச்சைக்கெல்லாம் ஒரு அம்மன், டிமீட்டர் என்று பேர். அவளுக்கு ஒரே மகள், பெர்செஃபனி. பாதாளத்துக்கு ராஜா ஹேடிஸ். அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. நேரே போய் அவள் அப்பா ஜீயஸிடம் கேட்டான். தேவர்களுக்கெல்லாம் தலைவன் அவன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டான். அம்மாவிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பெண் வயலில் பூப்பறித்துக்கொண்டிருந்தபோது பூமி பிளந்தது, ரதம் வந்தது, தூக்கிக்கொண்டு போய்விட்டான். அம்மா தேடித் தேடி அலைந்தாள். விஷயம் தெரிந்ததும் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறி, யாரோ ஒருத்தர் வீட்டில் போய்க் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் ஒரு புல் முளைக்கவில்லை. கடைசியில் ஜீயஸ் பயந்துபோய்ப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டான். ஆனால் அதற்குள் அவள் அங்கே நாலு மாதுளை முத்தைத் தின்றுவிட்டாள். அங்கே தின்றால் அங்கேயேதான், அது சட்டம். அதனால் பஞ்சாயத்து: வருஷத்தில் கொஞ்ச மாசம் அங்கே, மிச்சம் அம்மா வீட்டில்.

கதை நல்ல கதைதான். ஆனால் நமக்கு யார் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் ஒரு கதையும் காதில் ஏறாது இல்லையா? "ஹேடிஸ் அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றேன்.

"டிமீட்டருக்குத் தம்பி மாமா."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அம்மாவுக்குத் தம்பியா? அப்பத் தாய்மாமன்லா! முறைக்காரன். அவனப் போயி ஏன் திருடன் மாதிரி சொல்லுத?"

"மாமா, அவரு ஜீயஸுக்கு அண்ணன்."

"அதெப்படி?"

"ஜீயஸ், டிமீட்டர், ஹேடிஸ் எல்லாம் ஒரே அப்பா அம்மா பிள்ளைங்க."

அத்தான் கடைக் காலண்டரில் போன மாசத் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டோம். கோடு போட்டுக்கொண்டே வந்தால் எனக்குத் தலை சுற்றிவிட்டது. அம்மா வழியில் தாய்மாமன். அப்பா வழியில் பெரியப்பா! ஒரே ஆள்! தாய்மாமன் என்றால் நம் பக்கத்தில் ஒரு காலத்தில் கட்டிக்கொடுப்பதே உண்டு. எங்கள் தலைமுறையில் அதெல்லாம் போயிற்று, நல்லது. மிச்சம் இருப்பது மாலை போடுவதும் சீர் சுமப்பதும்தான். பெரியப்பா என்றால் அப்பா ஸ்தானம், நினைத்தாலே பாவம். இந்த மனுஷனை எந்தக் கட்டத்தில் வைப்பது? அந்த ஊரில் ஒரு வயசானவர்கூட இல்லையா, கூப்பிட்டு முறை சொல்ல?

"மாமா, முறை மேட்டரே இல்ல இது. கேட்டாங்களா, கேக்கலயா. அதான் மேட்டர்."

"அப்பாட்ட கேட்டாம்லா?"

"அம்மாட்ட?"

"அம்மாட்டச் சொன்னா அழுவா. அதான் சொல்லிருக்க மாட்டான். கெட்ட எண்ணம் கெடையாது."

தேனு என்னைப் பார்த்தாள். ஒரு மாதிரி, ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடி போடலாமா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும், இந்த வயசில் கண் கெட்டுவிடுகிறது பிள்ளைகளுக்கு. நான் தாளில் கையெழுத்துப் போட்டேன். 'தூக்கிப்போனது தப்பு. ஆனால் தாய்மாமன் தரப்பு கேட்கப்படவில்லை' என்று எழுதினேன்.

புளியங்குடி வந்துவிட்டது பாருங்கள். எலுமிச்சை மூட்டை ஏற்றுகிறான், காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் ஒரு கூரியர் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. உள்ளே என்ன என்றால், ஸ்வெட்டருக்கும் பூட்ஸுக்கும் அளவு எடுக்கிற படிவம், ஒரு காகித அளவு நாடாவோடு. நான் மாடியில் இருந்தேன். அத்தான் கடையில். கதவைத் திறந்தது அக்கா. தேனு பேரைப் பார்த்தாள், கவர்மேல் இருந்த படத்தில் மலையைப் பார்த்தாள், அளவு நாடாவைப் பார்த்தாள். தென்காசியில் மே மாசத்தில் எவனுக்கு ஸ்வெட்டர்? அக்கா தமிழில்தான் படித்தாள், பன்னிரண்டு வரைக்கும். ஆனால் அதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அந்த நாடாவை நாலாக மடித்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து வீட்டுக்குப் போய்விட்டாள். பாத்திமுத்து மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள், ஆறு மாசக் குழந்தை, யார் கையிலும் நிற்காது. அக்கா கையில் நின்றுவிட்டது. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். வீட்டில் உலை ஏறவில்லை. மாங்காய் காலத்தில் ஒரு ஊறுகாய் இல்லை. வடகம் இல்லை. மாடியில் எனக்கு நேர் எதிரே அவள் வைத்த கத்தரிச் செடி அத்தனையும் தண்ணீர் இல்லாமல் கருகிப்போயிற்று. அத்தான் காலையிலும் புரோட்டா ராத்திரியும் புரோட்டா என்று சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். எனக்கு ஏன் இவ்வளவு என்று புரியவில்லை. வெயில் கடுமை இந்த வருஷம், அதனாலும் இருக்கும்.

அத்தான் ஒரு நாள் போய்ப் பாத்திமுத்து வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். "பிள்ள தூங்குது, சத்தம் போடாதிய" என்று பதில் வந்ததாம். அது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு இது புதுசு இல்லை. நான் கனடா போனபோது எனக்கு இருபத்துநாலு. அப்பா அம்மா இல்லை, அவள்தான் என்னைப் படிக்க வைத்தாள். விசா வருமோ வராதோ என்று யாரிடமும் சொல்லவில்லை. வந்த மறுநாள் சென்னைக்குப் போய்விட்டேன். விமான நிலையத்திலிருந்துதான் போன் போட்டேன். பக்கத்து வீட்டுப் போன். அவள் மூச்சு வாங்க ஓடிவந்து எடுத்தாள். சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அப்புறம், "ஸ்வெட்டர் வச்சிருக்கியால?" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, ஒன்றும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அவள் தைரியசாலி, இந்த விஷயத்துக்கு இவ்வளவு தேவையில்லை.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். தேனு பத்துக் கதையும் முடித்தாள். கட்டுரைக்கு எதை எடுத்தாள் என்று நினைக்கிறீர்கள்? ஏழாவது. எழுதி முடித்து என்னிடம் காட்டினாள். இங்கிலீஷ் பிரமாதம், சார். ஒரு தப்பு இல்லை. ஆனால் விஷயம்! முழுக்க முழுக்கத் தாய்மாமனை வில்லன் ஆக்கிவிட்டாள். அவளுடைய பாதாள ராஜா தூரதேசத்திலிருந்து நிறையப் பெட்டிகளோடு வந்தவன். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவன். கெட்டவன் இல்லை, அன்பானவன், ஆனால் யாரையும் கேட்பது அவனுக்குப் பழக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாள். ஜீயஸ் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறவன்.

கற்பனை, சார். பிள்ளைகளுக்கு வேண்டும்தான். அத்தான் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏ உலகு, இது நாமளா?" என்றார். நான் அவருக்கு விளக்கினேன். "அத்தான், அவன் இருக்கது பாதாளம். பூமிக்குக் கீழ. நான் எங்க இருக்கேன்? மாடில. எப்படி நானாவேன்?" அவருக்கும் அது சரி என்று பட்டது.

ஆனாலும் பொதுவாகத் தாய்மாமன் என்கிற ஸ்தானத்துக்கு ஒரு கெட்ட பேர் வரும்போது சும்மா இருக்க முடியுமா? கேட்டவர் கருத்து என்கிற கட்டத்தில் இடம் பத்தவில்லை. தனியாக இரண்டு பக்கம் எழுதினேன். மறுப்பு. காது குத்திலிருந்து கல்யாணம் வரை தாய்மாமன் என்னென்ன செய்கிறான், அவன் மடி எப்படிப்பட்ட மடி, ஆடி மாசத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருகிறோமே, அதைவிடத் தாராளமான ஏற்பாட்டுக்கு ஹேடிஸ் சம்மதித்திருக்கிறான் என்பதையெல்லாம் பாயிண்ட் போட்டு எழுதினேன். தலைப்பு: 'தாய்மாமன் தரப்பு'. கட்டுரையோடு சேர்த்து ஸ்கேன் பண்ணி நானே அனுப்பிவிட்டேன். தேனுவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன். வீட்டுப் போனுக்கு. எடுத்தது அக்கா, பாத்திமுத்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள்! ஜெபராணி டீச்சர் நாகர்கோவில்காரராம், அவர்களும் அக்காவும் தமிழில் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். அக்கா பக்கத்திலிருந்து, "அப்படியா... அப்படியா எழுதிருக்கான்... ரெண்டு பக்கமா..." அப்புறம் ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறாள். என்னிடம் அல்ல, போனில்.

அன்றைக்கு மத்தியானம் தேனுவைப் பாத்திமுத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "என்ன எழுதினியோ அத எனக்குத் தமிழ்ல சொல்லு" என்று உட்காரவைத்தாள். மடியில் அந்தக் குழந்தை. தேனு முழுசாகச் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் தேனு எனக்குச் சொன்னது. கேட்டு முடித்துவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "அந்தப் பிள்ளைக்குப் போகணும்னு ஆச இருந்துதா?"

புத்தகத்தில் அது இல்லையாம். அத்தனை தேவர்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசினார்களே, அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் ஒருவரும் கேட்கவில்லையாம். "மாதுளைய அவளேதாம்மா சாப்பிட்டா. அது மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள்.

"ஒனக்கு?" என்று கேட்டாளாம் அக்கா.

"எனக்குப் போகணும்மா."

"அத நீயாவது எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்லா" என்றாளாம். அதற்குப் பிறகு குழந்தைக்குக் கஞ்சி கொடுக்கப் போய்விட்டாளாம். தேனு இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. சாதாரணக் கேள்வி.

மறுநாள் அடுப்பு எரிந்தது. அத்தான் ரசத்தைக் குடித்துவிட்டுக் கண் கலங்கினார். கத்தரிச் செடிக்கும் தண்ணீர் வந்தது. எனக்கும் மாடிக்குச் சாப்பாடு வந்தது, தேனு கையில். பேச்சு மட்டும் வரவில்லை. அத்தானோடு பேசினாள். போனில் டீச்சரோடு பேசினாள், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. நான் படியில் கால் வைத்தால் குரல் தணிந்துவிடும். இன்றைக்கு அத்தானும் வரவில்லை பாருங்கள். கடைக்குச் சரக்கு வருகிறதாம். எப்போதும் இப்படித்தான், கையெழுத்தைப் போட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவார்.

அந்தக் கையெழுத்துகூட எனக்குப் பெரிதில்லை சார். பெரிதுதான், பிள்ளை எதிர்காலம். ஆனால் ஒரு வீட்டில், கீழே ஒருத்தி, மேலே ஒருத்தன், முப்பத்தெட்டு நாள். கனடாவில் இருந்தபோதுகூட வாரம் ஒரு தடவை பேசிவிடுவாள்.

கிருஷ்ணன்கோவில் வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்கும், டீ நன்றாக இருக்கும். வாருங்கள், இறங்குவோம். பழத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். அடடே, அக்காவும் இறங்குகிறாள். இந்தப் பக்கம்தான் வருகிறாள். கையில் அந்தப் படிவம். சும்மா இருங்கள், சார், நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.

*

ஏறிவிட்டீர்களா? உட்காருங்கள். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள், எல்லாம் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கே வரிசையாக வர வேண்டும்.

"ஏலே உலகு" என்றாள். சொன்னாளா இல்லையா? நீங்கள் சாட்சி.

"என்னக்கா" என்றேன். கையிலிருந்த டீயைப் பெஞ்சில் வைத்தேன்.

"இந்தக் கட்டத்தப் பாத்தியா? லோக்கல் கார்டியன்னு போட்டிருக்காம்லா. பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஓடி வாரதுக்கு அந்த ஊர்லயே ஒரு ஆளு வேணுமாம். காலியா கெடக்கு."

"அது... அத்தானுக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு பெயிண்ட் ஏஜென்சி..."

"பெயிண்ட் ஏஜென்சியா? எம்பிள்ளைக்கா?" அந்த டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அவ்வளவு சத்தம். "அந்தக் கட்டத்துல ஒம் பேர எழுதியாச்சு. டீச்சர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு ரூம் பாத்துச் சொல்லியாச்சு. ரெண்டு வருசம் அங்க இரு. லீவுக்கு ரெண்டுபேரும் சேந்து வாங்க, லீவு முடிஞ்சா சேந்து போங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவளப் பாத்துட்டு எனக்குப் போன் போடணும். என்ன சாப்பிட்டா, மூஞ்சி எப்படி இருந்துது, எல்லாம் சொல்லணும்."

"அக்கா, நான்..."

"ஒம் பெட்டி நாலையும் நாளைக்கு லாரில ஏத்தி விட்டுருவாவ. அதுக்குத்தான் அவிய வரல."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"அவியளுக்குத் தெரியும், தேனுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். ஒனக்கும் இப்பத் தெரிஞ்சிட்டுல்லா?"

சொல்லிவிட்டு அந்த பெஞ்சில் படிவத்தை வைத்தாள். டம்ளரை ஒதுக்கிவிட்டு மங்கையர்க்கரசி என்று முழுப் பேரையும் தமிழில் எழுதினாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. எழுதி முடித்து ஊதினாள். அந்தக் கழுதை தேனு பின்னால் நின்றுகொண்டு வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். அப்புறம் பஸ் ஹாரன் அடித்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்து, "முன்னால வந்து உக்காருலே, அங்க என்ன யார்கிட்டயோ வளவளன்னு" என்றாள். உங்களைத்தான். தப்பாக நினைக்காதீர்கள்.

எண்ணினீர்களா, எத்தனை வாக்கியம் பேசினாள்? பதினைந்துக்குக் குறையாது! இல்லை, சந்தோஷம்தான். போகிறேன், முன்னால் போகிறேன். பழத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சார். நீங்கள் படித்தவர், நியாயத்தைச் சொல்லுங்கள். நாற்பத்தெட்டு வயசு மனுஷன் நான். எனக்கென்று ஒரு மாடி, ஒரு ஈஸிசேர், ஒரு ஒழுங்கு இருக்கிறது. மலையில் குளிருமே, எனக்குக் குளிர் ஆகாதே, அதற்குத்தானே கனடாவை விட்டு வந்தேன்! என்னிடம் ஒரு வார்த்தை? போவியா, உனக்குச் சம்மதமா என்று ஒரே ஒரு வார்த்தை? எல்லோரும் சேர்ந்து தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டு, விடியற்காலையில் பஸ் ஏற்றி, ஒரு ஆளை இப்படித் தூக்கிக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம், சார்?

எதற்கு இப்படிச் சிரிக்கிறீர்கள்? நான் சீரியஸாகக் கேட்கிறேன்.